இருட்டைப் பார்க்கும் கண் யார் கையில்?

வில்லியனூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு கிளைக் கூட்டம். தீர்மானங்களை எழுதி முடித்து, பாயைச் சுருட்டுகிற நேரம். ஓர் இளந்தோழர் எழுந்து நின்றார். கல்யாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைப்பவர்.

"தோழர், மணல் திருட்டைப் பற்றி மனு மேல் மனு கொடுத்தோம். சாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டு ராத்திரி ஆற்றங்கரையில் படுத்துக் கிடந்து படம் எடுத்தேன். காமிராவில் விழுந்ததெல்லாம் வெறும் கறுப்பு. இருட்டிலேயே படம் பிடிக்க ஒரு சாதனம் இருக்கிறது. லென்சைக் கழற்றிவிட்டு, லென்சுக்கும் காமிராவுக்கும் நடுவில் மாட்டுகிற குழாய் அது. கட்சி வசூல் செய்து ஒன்று வாங்கித் தரவேண்டும்" என்றார்.

"ஆந்தைக் கண்ணை வாங்கி மாட்டப் போறியா தம்பி?" என்று வயதான விவசாயத் தொழிலாளத் தோழர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இளந்தோழர் மட்டும் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை.

ஏனெனில், அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியல்ல. ஏழைக்கு எதிராக நடக்கும் காரியங்களில் பாதி ராத்திரியில்தான் நடக்கிறது. மணல் போவது ராத்திரியில். குடிசை எரிவது ராத்திரியில். லாக்கப்பில் அடி விழுவது ராத்திரியில். மறுநாள் காலையில் நாம் போய்க் கேட்டால், "பார்த்தவன் யார்?" என்கிறார்கள். இருட்டைப் பார்க்கும் கண் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால், அது என்ன, யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆந்தைக் கண்ணின் சூட்சுமம்

அமாவாசை ராத்திரியில்கூட வெட்டவெளியில் முழு இருட்டு என்பது கிடையாது. நட்சத்திர வெளிச்சம் உண்டு. தூரத்து ஊரின் விளக்கு மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் உண்டு. நம் கண்ணுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சொற்ப வெளிச்சத்தை லென்ஸ் திரட்டி, குழாயின் முன்வாயில் உள்ள ஒரு மெல்லிய பூச்சின்மேல் விழச் செய்கிறது. வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் என்ற மின் அணுக்களை உதிர்ப்பது அந்தப் பூச்சின் குணம். உதிர்ந்த எலக்ட்ரான்கள் ஒரு கண்ணாடித் தகட்டுக்குள் நுழைகின்றன. காசு அளவுள்ள அந்தத் தகட்டில் லட்சக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் தலைமயிரைக் காட்டிலும் மெல்லியது. துளைக்குள் போன ஓர் எலக்ட்ரான் சுவரில் மோதிச் சிலவற்றைக் கிளப்புகிறது. அவை மோதி மேலும் பலவற்றைக் கிளப்புகின்றன. மில் கேட்டில் ஒரு தோழர் முழக்கமிட, பத்துப் பேர் வாங்கிச் சொல்ல, பத்து நூறாகி, நூறு ஆயிரமாகிறதே, அதே கணக்குத்தான்! உள்ளே ஒன்றாகப் போனது வெளியே ஆயிரக்கணக்கில் வருகிறது.

அந்தக் கூட்டம் கடைசியில் ஒரு பாஸ்பர் திரையில் போய் மோதுகிறது. மோதிய இடமெல்லாம் திரை ஒளிர்கிறது. பெரும்பாலும் பச்சை ஒளி. பச்சையின் ஏற்ற இறக்கங்களை மனிதக் கண் நன்றாகப் பிரித்தறியும் என்பதால் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் திரையில் தெரியும் உருவத்தை, குழாயின் பின்பக்கத்தில் உள்ள இன்னொரு லென்ஸ் காமிராவுக்குள் செலுத்துகிறது. காமிரா படம் பிடிப்பது ஆற்றங்கரையை அல்ல. ஆற்றங்கரையைக் காட்டும் அந்தச் சின்னஞ்சிறு திரையைத்தான். இத்தனைக்கும் வேண்டியது ஒரு சிறிய பாட்டரி.

இதற்கும் எல்லை உண்டு. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் துளி வெளிச்சமும் இல்லையென்றால், பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியை வீசும் விளக்கு வேண்டும். மில் கேட்டிலும் கம்பெனி வாசலிலும் ராத்திரியில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் மினுங்கும் காமிராக்களைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். அவை அந்த ரகம். இருக்கும் வெளிச்சத்தைப் பெருக்காமல், தாமே ஒளி வீசித் தாமே பார்ப்பவை. நமது இளந்தோழர் கேட்கும் குழாய் ஒளி வீசாது. சத்தமில்லாமல், மினுக்கமில்லாமல், பார்க்கப்படுகிறவனுக்குத் தெரியாமல் பார்க்கும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

யுத்தத்தின் மடியில் பிறந்த குழந்தை

இந்தக் கண் யாருக்காகப் பிறந்தது? மணல் திருடனைப் பிடிக்கவா? ராத்திரி வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கும் விவசாயத் தொழிலாளிக்கு வழி காட்டவா? இல்லை. சுடுவதற்காகப் பிறந்தது.

1945ஆம் ஆண்டு ஓகினாவாத் தீவில் நடந்த சண்டையில், அமெரிக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியின்மேல் பெரிய விளக்கையும் தொலைநோக்கியையும் மாட்டி இருட்டில் சுட்டார்கள். அதே யுத்தத்தின் முடிவில் ஹிட்லரின் படையிடமும் இப்படியொரு கருவி இருந்தது. பின்னர் வியட்நாம் வந்தது. பகலெல்லாம் வானத்திலிருந்து குண்டு மாரி பொழிந்த அமெரிக்கா, ராத்திரியில் வியட்நாம் விவசாயிக்குப் பயந்தது. ராத்திரி அவனுடைய தோழன். அவன் காட்டை அறிந்தவன். அந்த ராத்திரியையும் அவனிடமிருந்து பறிப்பதற்காக 1960களில் நட்சத்திர வெளிச்சத் தொலைநோக்கியைச் செய்து துப்பாக்கிமேல் ஏற்றினார்கள். அப்படியும் ஜெயித்தது யார்? 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் நகரம் பதில் சொல்லிற்று. கண்ணாடிக் கண் அவர்களிடம் இருந்தது. மக்களின் கண் வியட்நாமியரிடம் இருந்தது.

காமிராவோடு இந்தக் குழாய் சேர்ந்த கதையையும் உலகம் கண்டது. 1991 ஜனவரியில் பாக்தாத் நகரத்தின்மேல் அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கியபோது, ராத்திரி வானத்தில் பச்சை வெளிச்சப் பொட்டுகள் பறப்பதைக் கோடிக்கணக்கான மக்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். தீபாவளி வாணவேடிக்கை மாதிரி இருந்தது. ஆனால், வானத்தைப் பார்த்த அந்தக் கண் கீழே பார்க்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13, விடிவதற்கு முன், பாக்தாத்தின் அமீரியா பதுங்கிடத்தின்மேல் குண்டு விழுந்தது. உள்ளே தூங்கிக் கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளுமாக 400க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விடிந்த பிறகு அந்தக் கரிக்கட்டைகளைப் படம் பிடிக்க எந்தப் பச்சைக் குழாயும் தேவைப்படவில்லை.

யந்திரத்தின்மேல் நமக்குப் பகையில்லை. ஆனால், யந்திரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிப்பது யந்திரம் அல்ல. அதைப் பிடித்திருக்கும் வர்க்கம்.

செய்கிற கையும் விற்கிற கையும்

அமெரிக்கச் சட்டத்தில் இந்தக் குழாய் ஆயுதக் கணக்கில் வருகிறது. சர்க்கார் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. தேசபக்தி என்று மார்தட்டும் முதலாளிகள் அந்தச் சட்டத்தை மதித்தார்களா? ராத்திரிக் கண்ணாடிகளைச் செய்யும் ஐ.டி.டி. என்ற பெரிய கம்பெனி, அந்தத் தொழில்நுட்ப ரகசியங்களை அனுமதியின்றி வெளிநாடுகளுக்கு அனுப்பியதாக 2007இல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. லாபத்துக்கு முன்னால் எல்லைக் கோடாவது, தேசமாவது!

புதுவைக்குப் பழக்கமான பிரெஞ்சு தேசத்தின் கதையும் உண்டு. பிரீவ் என்ற ஊரில் இந்தக் குழாய்களைச் செய்யும் போட்டோனிஸ் கம்பெனியை ஓர் அமெரிக்கக் கம்பெனி விலைக்கு வாங்க வந்தது. 2020 டிசம்பரில் பிரெஞ்சு சர்க்கார் குறுக்கே நின்று தடுத்துவிட்டது. அவர்களுக்குத் தெரிகிறது, இந்தக் கண்ணின் விலை என்னவென்று. தனியார் முதலாளிக்குக் கோவில் கட்டும் முதலாளித்துவ நாடே, இந்த விஷயத்தில் மார்க்கெட்டை நம்பத் தயாராயில்லை!

நம் நாட்டில் என்ன நடக்கிறது? 1954ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரன் புதுவையின் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனான். அதே 1954இல்தான் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. ஆந்திராவின் மசூலிப்பட்டணத்தில் பழைய விஞ்ஞானக் கருவித் தொழிற்சாலை ஒன்றை 1983இல் அது எடுத்துக்கொண்டது. ராணுவத்துக்கான ராத்திரிக் கண்ணாடிகள் அங்கே தயாராகின்றன. டேராடூனிலும் ஆப்டோ எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அது ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் ஒன்று. இத்தனையும் மக்கள் வரிப்பணத்தில், தொழிலாளிகளின் வியர்வையில் எழுந்தவை.

அந்தத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த பரிசு என்ன? 41 தளவாடத் தொழிற்சாலைகளையும் கம்பெனிகளாக மாற்றும் திட்டத்தை எதிர்த்து 2019 ஆகஸ்டில் நாடெங்கும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ்நாட்டில் ஆவடியும் அரவங்காடும் திருச்சியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. 2021இல் மறுபடியும் வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் தயாரானபோது, ஒன்றிய சர்க்கார் ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் போட்டு வேலைநிறுத்த உரிமையையே பறித்தது. மீறினால் ஓராண்டு ஜெயில் அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! ஓராண்டு ஆயுளுள்ள அந்தச் சட்டத்தின் நிழலிலேயே, 2021 அக்டோபர் 1 அன்று 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகக் கூறு போடப்பட்டன. டேராடூன் தொழிற்சாலை அவற்றில் ஒன்றான இந்தியா ஆப்டெல் கம்பெனிக்குள் போயிற்று. தேசத்துக்குக் கண் செய்து தருகிறவனுக்கு வாய் திறக்கும் உரிமை கிடையாது! இது என்ன நியாயம்?

நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

புதுவைக்கு வருவோம். ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏ.எப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது. சங்கு ஊதி ஊரை எழுப்பிய காலம் போய்விட்டது. ராத்திரி ஷிப்ட் போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் போய்விட்டது. அங்கே வாசலில் காமிரா, நடையில் காமிரா, சாப்பிடும் இடத்தில் காமிரா. எவன் எத்தனை நிமிஷம் வெளியே போனான் என்று பார்க்கும் கண், எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினார்கள் என்று பார்ப்பதுண்டா? மிஷினில் கை மாட்டிக்கொண்ட அன்றைய படத்தைக் கேட்டால், "அன்று காமிரா ரிப்பேர்" என்கிற பதிலைத் தொழிற்சங்க வேலையில் நாம் ஒரு தடவையா கேட்டிருக்கிறோம்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. சம்மதம் பெற்று, பாதுகாப்புச் செய்து பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கலாம் என்கிறது சட்டம். பாதுகாப்பு என்றால் என்ன? காமிரா மாட்டிவிட்டோம் என்று முதலாளி கையைக் காட்டுவான். வீடு போய்ச் சேர பஸ் எங்கே? ஓய்வறை எங்கே? முறைகேடு செய்த மேஸ்திரியின்மேல் புகார் சொன்னால் வேலை நிலைக்கும் என்ற உறுதி எங்கே? காமிரா பெண்ணைப் பார்க்கும். பெண்ணைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது சங்கம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குள் போவோம். 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற தந்தையையும் பென்னிக்ஸ் என்ற மகனையும் பிடித்துப் போனார்கள். ராத்திரி முழுவதும் அடி. அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனில் காமிரா இல்லையா? இருந்தது. படங்களைச் சேமித்து வைக்க வேண்டிய இடமும் இருந்தது. ஆனால், அன்றன்றைய படம் அன்றன்றே அழிந்து போகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதினார். உண்மையைக் காப்பாற்றியது எது? அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். ராத்திரி முழுவதும் அடித்தார்கள் என்று அவர் துணிந்து மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். யந்திரக் கண் குருடாக்கப்பட்டது. மனிதக் கண் திறந்திருந்தது.

அதே 2020 டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும், ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் காமிரா வேண்டும். வாசல், லாக்கப், நடை, இன்ஸ்பெக்டர் அறை எதுவும் விடுபடக்கூடாது. இருட்டிலும் பார்க்கும் சக்தி அந்தக் காமிராக்களுக்கு இருந்தாக வேண்டும். படத்தோடு குரலும் பதிவாக வேண்டும். 18 மாதம் சேமிக்க வேண்டும். அதற்கு வசதியில்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. இங்கே காமிரா இருக்கிறது என்று மக்கள் பாஷையில் பெரிய பலகை வைக்க வேண்டும். தோழர்களே, இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்! இருட்டைப் பார்க்கும் கண் உழைப்பாளியின் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிவிட்டது. ஆனால், எழுதியது நடந்ததா? 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே இந்தக் குறைபாட்டை ஒரு வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. நடந்த லட்சணம் அதிலேயே தெரிகிறதே!

கண்ணாடிக் கண் மட்டும் போதுமா?

"அப்படியானால் குழாயை வாங்கி நம் கையில் வைத்துக்கொண்டால் ஜெயித்துவிடலாம் இல்லையா?" என்று இளந்தோழர் கேட்கலாம். இரண்டு சம்பவங்களை அவருக்கு நினைவூட்டுகிறோம்.

1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழவெண்மணி. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காக, ஒரே குடிசைக்குள் 44 உயிர்களைப் பூட்டி எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அந்த நெருப்பே ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டது. பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்ததைச் சொன்னார்கள். நாகப்பட்டினம் கோர்ட் தண்டித்தது. பின்னர் ஹைகோர்ட் விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள், தாங்களே அந்த இடத்துக்கு நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! அங்கே குறைந்தது வெளிச்சமா? இல்லை. ஏழையின் சொல்லுக்குத் தராசில் எடை குறைவு. படம் இருந்தால் அந்த எடை கூடியிருக்கும் என்பது உண்மை. ஆனால், தராசைப் பிடிக்கும் கை மாறாவிட்டால், படத்தையும் 'நம்ப முடியவில்லை' என்று தள்ள அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

1936 ஜூலை 30. நமது புதுவை. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட மில் தொழிலாளிகள்மேல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. 12 தோழர்கள் மடிந்தார்கள். இருட்டில் மறைத்துச் செய்த காரியமல்ல. ஊரறியச் செய்தது. சாட்சி இல்லாத குறையா? ஊரே சாட்சி! ஆனால், அந்தச் சாட்சி கலைந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் ஸ்தாபனமாக நின்றது. பாரிஸ் வரையில் குரல் கேட்டது. 1937இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று நாம் கொடியேற்றுவது அந்தப் பன்னிருவருக்காக மட்டுமல்ல. பார்த்ததை மறக்காத மக்களுக்காகவும்தான்.

ஆக, கண் வேண்டும். அதைவிடக் கண்ணுக்குப் பின்னால் சங்கம் வேண்டும். சங்கமில்லாத காமிரா, படம் மட்டும் எடுக்கும்.

இளந்தோழருக்கு நமது பதில்

முதலில் காசுக் கணக்கு. இந்தக் குழாயின் நல்ல ரகம் பல லட்ச ரூபாய். ஒரு பேச்சுக்கு ஐந்து லட்சம் என்று வையுங்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் ஊரக வேலைத் திட்டத்தின் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஐந்து லட்சத்தை வகுத்தால் 1,488 நாள் கூலி. வருஷம் நூறு நாள் வேலை முழுசாகக் கிடைத்தால்கூட, ஒரு விவசாயத் தொழிலாளி ஏறக்குறைய 15 வருஷம் வாய் கட்டிப் போட வேண்டிய பணம்! பகல் வெளிச்சம் பலமாகப் பட்டால் கெட்டுப் போகக்கூடிய ஒரு குழாய்க்கு, நமது கிளைத் தோழர்களின் கஞ்சிக் காசைக் கேட்க நமக்கு மனம் வரவில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறோமா? இல்லை. தோழரின் கையில் இருக்கும் காமிராவே பாதி வேலை செய்யும். அகல வாயுள்ள லென்ஸைப் போட வேண்டும். இப்போது வரும் காமிராக்கள் சொற்ப வெளிச்சத்திலும் பிடிக்க வல்லவை. உணர்திறனை ஏற்றி வைக்க வேண்டும். முக்காலியில் அசையாமல் நிறுத்திச் சில விநாடி திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கரையும் பள்ளமும் படத்தில் தெரியும். ஓடும் லாரி கோடாகத்தான் விழும். ஆகவே லாரியை ஆற்றில் தேடாமல், அது தார் ரோட்டில் ஏறும் இடத்தில், தெருவிளக்கின் கீழே பிடியுங்கள். விடிந்ததும் அதே இடத்தில் நின்று பள்ளத்தையும் டயர்த் தடத்தையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்தால்தான் சாட்சி.

இன்னும் மூன்று விஷயங்கள். ஒன்று, தனியாகப் போகக் கூடாது. நாலு பேர் போங்கள். நாலு பேர் கண்டது படத்துக்குத் துணை. படம் நாலு பேருக்குத் துணை. மணலில் காசு பார்க்கிறவன் கல்லெடுக்கத் தயங்க மாட்டான். இரண்டு, தேதி, மணி, இடம், லாரி நம்பர் எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்று, படம் விழுந்த கார்டை அழிக்காமல், திருத்தாமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, இத்தகைய படத்துக்குச் சான்றிதழ் சேர்த்துக் கொடுத்தால்தான் கோர்ட் ஏற்கும். அதற்கு நமது வக்கீல் தோழர்கள் உதவுவார்கள்.

ஐந்து லட்ச ரூபாய்க் குழாய் தேவைதான். ஆனால், அதை வாங்க வேண்டியவர்கள் நாமல்ல, சர்க்கார். ராணுவத்துக்கும் போலீசுக்கும் வாங்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஆற்றைக் காக்கும் அதிகாரிக்கு ஒன்று வாங்கித் தரத் தெரியாதா? காட்டில் வேங்கைப் புலியை எண்ணுவதற்கு 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவான படங்கள் கிடைத்தன. ராத்திரி நடமாடும் புலியையும் சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். புலியின் உடம்புக் கோட்டைக்கூட எண்ணிவிடும் சர்க்காரின் கண்ணுக்கு, ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும் மணல் லாரி மட்டும் தெரியாமல் போவது என்ன மாயம்?

ஆகவே நாம் கேட்கிறோம்:

புதுவைப் பிரதேசத்தின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும், சுப்ரீம் கோர்ட் சொன்ன வண்ணம் இருட்டிலும் பார்க்கும், குரலும் பதியும் காமிரா எத்தனை வேலை செய்கிறது என்ற கணக்கைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

மணல் எடுக்கும் ஆற்றுத் துறைகளில் ராத்திரிக் காமிரா வைக்க வேண்டும். அந்தப் படங்களைக் கிராம மக்கள் கேட்டால் காட்ட வேண்டும்.

தொழிற்சாலைகளில் காமிரா எங்கே வைப்பது, படம் யாரிடம் இருப்பது என்பதைச் சங்கத்தைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். விபத்து நடந்த நாளின் படத்தைத் தொழிலாளி கேட்டால் மறுக்கக்கூடாது.

ராத்திரி ஷிப்டில் பெண்களுக்குக் காமிராவோடு, காமிராவுக்கு முன்பாக, பஸ்ஸும் ஓய்வறையும் சங்க உரிமையும் வேண்டும்.

கூட்டம் கலைந்தபோது, ஆந்தைக் கண் என்று கேலி செய்த அந்த மூத்த தோழரே இளந்தோழரின் தோளில் கை போட்டு, "நாளைக்கு ராத்திரி நானும் வர்றேன் தம்பி. எனக்கு அந்தக் கரை கண்ணை மூடிக்கிட்டே தெரியும்" என்றார். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள்.

நாலு பேர் ஆயிற்று. வேலை ஆரம்பிக்க அது போதும்.